மல்லிகையை எந்த மார்க்கெட்டுக்கு ஏற்றுவது? ஏஐ முடிவெடுக்கக் கற்கும் விதம்

ஏஐ என்றதும் இப்போது பலருக்கும் நினைவுக்கு வருவது, கேட்டதற்குப் பதில் சொல்லும் சாட்பாட்தான். அதே துறையில் அதைவிடப் பழைய கிளை ஒன்று இருக்கிறது. அதன் வேலை முடிவெடுப்பது. விற்பதா வேண்டாமா, பச்சை விளக்கை இன்னும் பத்து விநாடி நீட்டுவதா அணைப்பதா, இந்தக் காயை நகர்த்துவதா அந்தக் காயையா. முடிவெடுத்த பிறகு என்ன ஆனது என்று பார்த்து, அடுத்த தடவை கொஞ்சம் தேறுவது. இப்படி முடிவெடுக்கும் நிரலை ஏஜென்ட் என்பார்கள். அது பட்டுப் பட்டுத் தெரிந்துகொள்ளும் முறைக்கு ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் என்று பெயர். தமிழில் வலுவூட்டல் கற்றல் என்று எழுதுகிறார்கள்.

மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்ல மல்லிகைப்பூவே போதும். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு விவசாயி அரை ஏக்கரில் மல்லிகை போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விடிவதற்கு முன்னே மொட்டாகப் பறித்தாக வேண்டும். சாயங்காலம் விரிந்துவிடும், ஆகவே அன்றைக்கே விற்றாக வேண்டும். தெற்கே வந்தால் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட், மேற்கே போனால் நிலக்கோட்டை. மாட்டுத்தாவணி என்றால் அங்கே எந்தக் கமிஷன் கடை? நாளைக்கு முகூர்த்தமா? மார்கழிப் பனியில் வரத்து குறைந்திருக்கிறதா? தினமும் இருட்டோடு அவர் இதற்கெல்லாம் பதில் கண்டுபிடிக்கிறார்.

அவர் இடத்தில் ஒரு ஏஜென்ட்டை உட்கார வைப்போம். அதற்கு மூன்று விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். இப்போது நிலைமை என்ன (மாதம், முகூர்த்தம், கையில் எத்தனை கிலோ). என்னென்ன செய்யலாம் (இந்தக் கடை, அந்தக் கடை, நிலக்கோட்டை). செய்ததற்கு என்ன கிடைத்தது (கமிஷனும் வண்டி வாடகையும் போகக் கையில் நின்ற பணம்). கடைசியில் சொன்னதை வெகுமதி என்பார்கள். எந்தக் கடை நல்ல கடை என்று யாரும் அதற்குச் சொல்லித்தரப் போவதில்லை. போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்படித் தெரிந்துகொள்கிறது? கணக்கு ரொம்பச் சின்னது. முதல் கடையில் கிலோவுக்கு 600 ரூபாய் கிடைக்கும் என்று ஏஜென்ட் நினைத்திருக்கிறது. இன்று 700 கிடைத்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் வித்தியாசம் 100. அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துப் பழைய மதிப்போடு சேர்த்தால் புதிய மதிப்பு 610. நாளை 510 கிடைத்தால் வித்தியாசம் கழித்தல் 100. மதிப்பு மறுபடி 600. அவ்வளவுதான். ஒரே நாள் விலையைப் பார்த்துத் துள்ளவும் கூடாது, பல நாள் தொடர்ந்து விலை மாறினால் பழைய நினைப்பிலேயே கிடக்கவும் கூடாது. பத்தில் ஒன்றா, நூறில் ஒன்றா என்ற அந்தப் பங்குக்குக் கற்றல் வீதம் என்று பெயர். இந்தத் துறையின் பெரிய பெரிய வேலைகளுக்கு உள்ளே போய்ப் பார்த்தாலும் நடுவில் இந்த ஒரு வரி ஓடிக்கொண்டிருக்கும்: எதிர்பார்த்தது, கிடைத்தது, வித்தியாசத்தில் கொஞ்சம்.

இதில் ஒரு வில்லங்கம். இரண்டாவது கடைக்குப் போகவே இல்லையென்றால் அங்கே என்ன கிடைக்கும் என்று எப்படித் தெரியும்? தெரிந்த கடையிலேயே போட்டால் இன்றைய வரும்படிக்குப் பழுதில்லை. பக்கத்துக் கடையில் 50 ரூபாய் கூடக் கிடைத்திருந்தாலும் அது கடைசிவரை தெரியாது. தினம் ஒரு கடையாகச் சுற்றினால் எல்லாம் தெரியும், ஆனால் தெரிந்ததால் வந்த லாபம் ஒன்றும் இருக்காது. 1933இல் தாம்ஸன் என்பவர் இதே சிக்கலை மருத்துவத்தில் வைத்து எழுதினார். இரண்டு சிகிச்சைகளில் எது மேல் என்று இன்னும் உறுதியாகாதபோது நோயாளிகளை எப்படிப் பிரித்து அனுப்புவது என்பது அவர் கேள்வி. எளிய வழி ஒன்று உண்டு. பத்து நாளில் ஒன்பது நாள் இதுவரை நல்லதாகத் தெரிந்த கடை, ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு கடை. முரட்டு வழிதான், ஆனாலும் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது.

அனுபவப்பட்ட விவசாயிக்கு இது புதிதல்ல. ஆனால் ஏஜென்ட்டுக்கு ஒரு பெரிய குறை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் விளம்பரமாகிவிடும்: அதற்கு அனுபவம் மலைபோல் வேண்டும். 2015இல் டீப்மைண்ட் நிறுவனம் 49 அடாரி வீடியோ கேம்களைத் தானாக ஆடக் கற்ற ஏஜென்ட்டைப் பற்றி எழுதியது. ஒவ்வொரு கேமுக்கும் அது ஆடிப் பழகிய அளவு, ராத்திரி பகல் பாராமல் சுமார் 38 நாள் ஆடுவதற்குச் சமம். கம்ப்யூட்டருக்குள் ஆடித் தோற்றால் யாருக்கு நஷ்டம்? பூவில் தோற்றால் அன்றைய கூலி கொடுக்கக் கையில் காசு இருக்காது. அதனால்தான் இந்த வித்தை விளையாட்டுகளில் பிரமாதமாகவும், வெளி உலகில் தட்டுத் தடுமாறியும் வேலை செய்கிறது.

கவாத்தும் காத்திருப்பும்

இதுவரை சொன்னதில் இன்றைய முடிவுக்கு இன்றே பலன். வாழ்க்கையில் அப்படி அமைவது குறைவு. கார்த்திகை வாக்கில் மல்லிகைச் செடியைக் கவாத்து செய்கிறார்கள். வெட்டிய செடி சில மாதத்துக்குக் காசு தராது. மார்ச், ஏப்ரலில்தான் துளிர்த்துப் பூக்கும். அன்றன்றைய வரும்படியை மட்டும் பார்க்கும் ஏஜென்ட் அரிவாளையே எடுக்காது. செடியை வெட்டினால் வெகுமதி பூஜ்யம் என்று ஒரே நாளில் 'கற்றுக்கொண்டு'விடும்.

இதற்கு 1950களில் ரிச்சர்ட் பெல்மன் என்ற கணித அறிஞர் வழி கண்டார். ஒரு முடிவின் மதிப்பு என்பது இப்போது கையில் விழும் காசும், அந்த முடிவால் நாம் போய்ச் சேரும் நிலையின் மதிப்பும் சேர்ந்தது. வெட்டிய செடி என்ற நிலைக்கு இன்று காசு இல்லை, ஆனால் அதற்கு அடுத்த நிலைகளில் பூ இருக்கிறது. பின்னால் வரும் காசைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கணக்கில் சேர்ப்பார்கள். மாதத்துக்கு 0.9 என்று தள்ளுபடி வைத்தால் (ஒரு மாதம் தள்ளிப்போனால் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கு மட்டும் நிற்கும்), நான்கு மாதம் கழித்து வரும் 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு சுமார் 66 ரூபாய். கவாத்து செய்யலாம். தள்ளுபடியை 0.5 என்று வைத்தால் அதே 100 ரூபாய் வெறும் 6 ரூபாய் 25 பைசா. அந்த ஏஜென்ட் கவாத்தே செய்யாது, செடி கிழடாகிப் போகும். ஒரே கணக்கு, ஒரே தோட்டம். நடுவில் ஓர் எண்ணை மாற்றியதும் பொறுமைசாலி அவசரக்காரனாகிவிட்டான். அந்த எண்ணைத் தீர்மானிப்பது மனிதர்தான், இயந்திரம் அல்ல.

பெல்மன் வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. எது செய்தால் எந்த நிலைக்குப் போவோம் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமலேயே, நடந்ததை வைத்து மட்டும் மதிப்புகளைத் திருத்திக்கொண்டு போகலாம் என்பதைப் பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ரிச்சர்ட் சட்டன் 1988இல் எழுதிய கட்டுரையும், கிறிஸ் வாட்கின்ஸ் 1989இல் தன் ஆய்வேட்டில் முன்வைத்த க்யூ லேர்னிங் முறையும் இதில் முக்கியமானவை. சட்டனுக்கும் அவருடைய ஆசான் ஆண்ட்ரூ பார்ட்டோவுக்கும் சேர்த்து 2024ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கொடுத்தார்கள், கணினித் துறையின் மிக உயர்ந்த விருது அது. சென்னை ஐஐடியில் இத்துறைக்குப் பெயர்பெற்ற பேராசிரியர் பாலராமன் ரவீந்திரன் பார்ட்டோவிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர்.

வெகுமதியை எப்படி வரையறுக்கிறோம் என்பதும் மனிதர் தலையில்தான். 'கிலோவுக்கு நல்ல விலை கிடைத்தால் வெகுமதி' என்று அசட்டையாக எழுதிவிட்டோம் என்று வையுங்கள். ஏஜென்ட் என்ன செய்யும்? வரத்து இல்லாத பனிக்காலத்தில், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மட்டும் ஒரே ஒரு கிலோவை விற்கும். மீதி நாளெல்லாம் பூவைச் செடியிலேயே விட்டுவிடும். சொன்னதைச் செய்தது, நினைத்ததைச் செய்யவில்லை. இது கற்பனை, ஆனால் 2016இல் ஓபன்ஏஐ நிறுவனம் ஒரு படகுப் பந்தய கேமில் நிஜமாகவே இதைப் பார்த்தது. பாதையில் இருக்கும் இலக்குகளை இடித்தால் புள்ளி. ஏஜென்ட் பந்தயத்தை முடிக்கவே இல்லை. ஓர் ஓரத்தில் வட்டமடித்து, திரும்பத் திரும்ப முளைக்கும் மூன்று இலக்குகளை இடித்துக்கொண்டே இருந்தது. படகு தீப்பிடித்தது, மற்ற படகுகளோடு மோதியது, அப்படியும் மனிதர்களைவிடக் கூடுதல் புள்ளி.

பக்கத்துத் தோட்டக்காரரும் கற்றுக்கொண்டால்

சரி, இப்போதுதான் உண்மையான சிக்கலுக்கு வருகிறோம். இதுவரை நம் ஏஜென்ட் தனி ஆள். மார்க்கெட் என்பது மழை மாதிரி, தானாக நடக்கும் ஒன்று என்றே அது நினைத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒருவரின் பத்து கிலோவால் விலை அசையாது என்பதால் அந்த நினைப்பு ஓரளவு செல்லும். ஆனால் வட்டாரத்தில் 100 விவசாயிகளும் இதே மாதிரி ஏஜென்ட் சொல்வதைக் கேட்டால்?

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் வைத்தவை, மார்க்கெட் ரேட் அல்ல. ஆளுக்குப் பத்து கிலோ. மாட்டுத்தாவணியில் விலை 1000 ரூபாயில் தொடங்கி, வரும் ஒவ்வொரு விவசாயிக்கும் 4 ரூபாய் இறங்கும். நிலக்கோட்டை இந்தக் கணக்கில் சின்ன மார்க்கெட். 900இல் தொடங்கி ஆளுக்கு 6 ரூபாய் இறங்கும். இன்று 100 பேரும் மாட்டுத்தாவணிக்கு வந்தார்கள். கிலோ 600. நிலக்கோட்டையில் ஈ ஆடுகிறது. போயிருந்தால் 900க்குப் பக்கத்தில் கிடைத்திருக்கும். செய்தி எல்லோர் காதுக்கும் போகிறது. மறுநாள் 100 பேரும் நிலக்கோட்டையில். கிலோ 300. அன்று மாட்டுத்தாவணியில் ஆள் இல்லை, விலை 1000. அடுத்த நாள் எல்லோரும் மறுபடி மதுரைக்கு. யாரும் முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை. ஒவ்வொருவரும் நேற்றைய விலையைச் சரியாகப் படித்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி படித்ததால் எல்லோருக்கும் பொய்த்துப் போனது.

தனி ஏஜென்ட்டுக்கும் பல ஏஜென்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் எண்ணிக்கையில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. தனியாக இருக்கும்போது 'எது நல்ல மார்க்கெட்' என்ற கேள்விக்கு ஒரு பதில் எங்கோ இருக்கிறது. தேடிப் போனால் கிடைத்துவிடும். கூட்டத்தில் அந்தப் பதிலே மற்றவர்கள் என்ன பதில் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நாம் கற்கக் கற்க அவர்களும் கற்கிறார்கள், நாம் கற்றது அதற்குள் பழசாகிவிடுகிறது. 1994இல் பொருளியலாளர் பிரையன் ஆர்தர் அமெரிக்காவின் சாண்டா ஃபே ஊரில் இருந்த ஒரு மதுக்கடையை வைத்து இதே புதிரைப் போட்டார். 60 பேருக்குக் குறைவாக வந்தால் கடை சுகமாக இருக்கும், அதற்கு மேல் வந்தால் நெரிசல். போகக்கூடியவர்கள் 100 பேர். கூட்டம் குறைவு என்று எல்லோரும் கணித்தால் எல்லோரும் வந்துவிடுவார்கள், கணிப்பு பொய்த்துவிடும். கூட்டம் என்று எல்லோரும் கணித்தால் ஒருவரும் வரமாட்டார்கள், அதுவும் பொய்.

நம் 100 பேர் எங்கே போய் நிலைகொள்வார்கள்? 70 பேர் மாட்டுத்தாவணி, 30 பேர் நிலக்கோட்டை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1000இல் 280 போனால் 720, 900இல் 180 போனால் அதுவும் 720. இரண்டு இடத்திலும் ஒரே விலை, ஆகவே யாருக்கும் மாறிப்போகக் காரணம் இல்லை. மற்றவர்கள் மாறாதவரை தானும் மாறி லாபமில்லை என்கிற இந்த நிலைக்குத்தான் நாஷ் சமநிலை என்று பெயர். ஜான் நாஷ் 1950இல் எழுதியது. 1994இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. முக்கியமான விஷயம், அங்கே போய்ச் சேர யாரும் கூட்டம் போட்டுப் பேச வேண்டியதில்லை. ஒரே நாளில் எல்லோரும் பாயாமல், தினம் சிலர் மட்டும் மெதுவாக மனம் மாறினால் போதும், ஊசலாட்டம் தணிந்து 70க்கு அருகே வந்து நிற்கும். மேலே பார்த்த அந்தக் கற்றல் வீதம் இங்கே இன்னொரு வேலை செய்கிறது பாருங்கள். தனி ஏஜென்ட்டுக்கு அது நிதானம், கூட்டத்துக்கு அதுவே ஒழுங்கு. இன்னொரு வழியும் உண்டு: ஒவ்வொருவரும் காலையில் பத்துக்கு ஏழு வாய்ப்பு என்று குலுக்கிப் போட்டுப் போவது.

இங்கே என் சந்தேகம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரேட்டை எல்லோருக்கும் உடனுக்குடன் தெரியப்படுத்தினால் விவசாயிக்கு நல்லது என்று ஆப் செய்பவர்கள் பேசுகிறார்கள். தகவல் நல்லதுதான். ஆனால் 'இன்று நிலக்கோட்டைக்குப் போங்கள்' என்று ஒரே ஆப் 100 பேர் கையிலும் ஒரே நேரத்தில் சொன்னால், அது நூறு ஏஜென்ட் அல்ல, நூறு வண்டி வைத்திருக்கும் ஒரே ஏஜென்ட். தன் ஆலோசனையே விலையை நகர்த்தும் என்பது அதற்குத் தெரியாவிட்டால், இல்லாத ஊசலாட்டத்தை அதுவே உண்டாக்கும்.

சமநிலை என்றால் நல்ல நிலை என்று பொருள் இல்லை. 70-30 என்ற பிரிவில் 100 பேருக்கும் சேர்த்து வருமானம் 7,20,000 ரூபாய். 65-35 என்று பிரிந்து போனால்? மாட்டுத்தாவணியில் 740, நிலக்கோட்டையில் 690, மொத்தம் 7,22,500. ஊருக்கு 2,500 ரூபாய் கூடுதல். ஆனால் நிலைக்காது. நிலக்கோட்டைக்குப் போன 35 பேரில் ஒருவர் நைசாக மதுரைக்கு வண்டியைத் திருப்பினால் அவருக்குக் கிலோ 736 கிடைக்கும். அவர் ஏன் திருப்பாமல் இருக்க வேண்டும்? வருமானத்தை எல்லோரும் பொதுவில் போட்டுப் பிரித்துக்கொண்டால் திருப்பமாட்டார். அங்கே கூட்டுறவு ஏஜென்ட்டுகளின் உலகம் தொடங்குகிறது.

பொதுவில் போட்டால் வேறு தொல்லை வருகிறது. இன்று மொத்த வரும்படி குறைந்தது, யாரால்? பறித்ததில் தாமதமா, மார்க்கெட் தேர்வில் பிழையா, மூட்டை நசுங்கியதா? எல்லோருக்கும் ஒரே தொகைதான் வெகுமதி என்றால், எதைத் திருத்திக்கொள்வது என்று எந்த ஏஜென்ட்டுக்கும் தெரியாது. நன்றாகச் செய்தவர் தன்னை மாற்றிக்கொள்வார், சொதப்பியவர் அப்படியே இருப்பார். இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி வைத்திருக்கிறார்கள்: இந்த ஒருவர் இன்று இல்லாமல் இருந்திருந்தால் மொத்தம் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்கிட்டு, வித்தியாசத்தை மட்டும் அவர் கணக்கில் எழுதுவது.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. போக்குவரத்து சிக்னல்களை ஏஜென்ட்டுகளாக்கிப் பழக்கும் ஆய்வுகள் பல வருஷமாக நடக்கின்றன. கோரிப்பாளையத்தில் அப்படி ஒரு சிக்னல் வைத்தால் என்ன ஆகும் என்று மதுரைக்காரர்கள் யோசித்துப் பார்க்கலாம். 'உன் முன்னால் நிற்கும் வண்டிகளைக் குறை' என்று மட்டும் அதற்குச் சொன்னால், மொத்தத்தையும் வைகையின் ஏ.வி. பாலத்தில் ஏற்றிவிட்டு நல்ல பிள்ளையாக நிற்கும். தென்கரையில் யானைக்கல்லில் இறங்கும்போது வண்டிகள் அடைத்துக்கொள்ளும். ஆகவே பழக்கும்போது எல்லா சிக்னல்களின் நிலையையும் ஒரே இடத்தில் வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். வேலைக்கு இறக்கும்போது ஒவ்வொன்றும் தன் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வைத்து முடிவெடுக்கும். ஒன்றாக உட்கார்ந்து படிப்பு, தனித்தனியாகப் பரீட்சை.

எதிரெதிராக நிற்கும் ஏஜென்ட்டுகளின் கதைதான் செய்திகளில் அதிகம் அடிபடுவது. 2016 மார்ச்சில் டீப்மைண்டின் ஆல்ஃபாகோ என்ற நிரல், கோ என்ற பலகை ஆட்டத்தில் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவரான லீ செடோலை நான்குக்கு ஒன்று என்று வென்றது. மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைப் பார்த்து முதலில் பழகி, அப்புறம் தன்னோடு தானே ஆடி ஆடி அது அந்தத் தேர்ச்சிக்கு வந்தது. தானே எதிரி என்பதால் எதிரியும் கூடவே தேறிக்கொண்டு வருவான், எப்போதும் சரியான பலத்தில் ஓர் ஆள் எதிரில் கிடைப்பான். 2019இல் ஓபன்ஏஐ கண்ணாமூச்சி ஆடும் ஏஜென்ட்டுகளைக் காட்டியது. ஒளிபவர்கள் பெட்டிகளை நகர்த்திக் கோட்டை கட்டினார்கள். தேடுபவர்கள் சாய்வுப் பலகையைக் கொண்டுவந்து சுவரேறிக் குதித்தார்கள். ஒளிபவர்கள் அந்தப் பலகையை முன்கூட்டியே பூட்டி வைத்தார்கள். இதில் எதையும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதே 2019இல் ப்ளூரிபஸ் என்ற நிரல் ஆறு பேர் ஆடும் போக்கரில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. எதிராளி கையில் என்ன சீட்டு என்று தெரியாத ஆட்டம் அது. எப்போதும் ஒரே மாதிரி ஆடினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் அங்கே குலுக்கிப் போடுவதே பலம்.

என்னைக் கேட்டால், சாதாரண ஜனங்கள் கவனிக்க வேண்டிய இடம் இந்த ஆட்டங்களுக்கு வெளியே இருக்கிறது. மறுபடி மாட்டுத்தாவணிக்கே வருவோம், இந்தத் தடவை விற்பவர் பக்கம் அல்ல, வாங்குபவர் பக்கம். பூ வாங்கும் கடைகள் எல்லாம் விலை வைக்க ஆளுக்கொரு ஏஜென்ட் வைத்துக்கொள்கின்றன என்று கற்பனை செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கட்டளை: உன் கடைக்கு லாபம் பார். ஒரு கடை விவசாயிக்குக் கூடுதல் விலை கொடுத்துப் பூவை இழுத்தால், மற்றவையும் ஏற்றும், லாபம் எல்லோருக்கும் சுருங்கும். நாள்பட நாள்பட 'ஏற்றினால் அடி விழும், ஏற்றாமல் இருந்தால் நிம்மதி' என்று எல்லா ஏஜென்ட்டும் கற்றுக்கொள்ளலாம். விவசாயிக்குக் கிடைக்கும் விலை கீழேயே நிற்கும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2020இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வில், கம்ப்யூட்டருக்குள் உருவாக்கிய சந்தை ஒன்றில் க்யூ லேர்னிங் ஏஜென்ட்டுகளை விற்பனையாளர்களாக விட்டார்கள். அவை போட்டி விலையைவிட உயர்ந்த விலையை வைக்கக் கற்றுக்கொண்டன. ஒன்று விலையைக் குறைத்தால் மற்றது பதிலடி கொடுத்து, அப்புறம் இரண்டும் மெல்ல மெல்ல உயர்ந்த விலைக்கே திரும்பின. ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அவற்றுக்கு வழியே கிடையாது. பேசச் சொல்லி யாரும் எழுதவும் இல்லை.

நாலு வியாபாரிகள் டீக்கடையில் கூடி விலை பேசி வைத்துக்கொண்டால் அதற்குச் சட்டம் இருக்கிறது. இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் போட்டியைக் கெடுக்கும் ஒப்பந்தங்களைத் தடை செய்கிறது. அங்கே தேடப்படுவது ஒப்பந்தம்: யார் யாரிடம் பேசினார்கள், எப்போது, என்ன முடிவு செய்தார்கள். நம் கடைகளின் ஏஜென்ட்டுகளிடம் போய்த் தேடினால் கிடைப்பது ஓர் எண் பட்டியல் மட்டும்தான். எந்த நிலைமையில் எந்த விலை வைத்தால் என்ன மதிப்பு என்று, தினமும் வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கு சேர்த்துச் சேர்த்து வந்த எண்கள்.